ஆள் ஏறாத ஜீப்

ஆனைக்கரை ஏலத்தோட்டத்தில் காலையில் ஜீப் ஹாரன் கேட்டால், முன்சீட்டைப் பிடிக்கப் பெண்கள் ஓடுவார்கள். கொரோனா ஊரடங்கு தொடங்கிய பிறகு ஒருநாள் சாயங்காலம் ஹாரன் கேட்டது. தொழிலாளர்கள் தங்கும் வரிசைவீடுகளான லயத்திலிருந்து ஒருவரும் வரவில்லை.

லயத்தில் ஒருத்திக்கு இருமல். அதனால் போடிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த எல்லாரையும் மாநில எல்லையில் இறக்கிவிடச் சொல்லியிருந்தார் முதலாளி.

ஹாரன் ஓயாததால் பவுன்தாய் மட்டும் வாசலுக்கு வந்தாள்.

"ஏறுங்கக்கா. கம்பம்மெட்டுல விட்டுர்றேன்," என்றான் டிரைவர் சுதன்.

"அங்கிட்டு செக்போஸ்ட்டு கேட்டப் பூட்டிட்டான். நீ இங்கிட்டு இறக்கிவிட்டுட்டு வந்துருவ. நாங்க நடுரோட்டுலயா சோறு பொங்க?"

"முதலாளி சொல்றாரு. நான் என்னக்கா செய்ய?"

"அவரையே வந்து எங்களத் தூக்கி ஏத்தச் சொல்லு. ஆறடி தள்ளி நின்னு எப்படித் தூக்குறாருன்னு பாப்போம்."

லயத்துக்குள் சிரிப்பு எழுந்தது. அதன் நடுவே இருமலும் கேட்டது. யாரும் அதை அடக்கச் சொல்லவில்லை.

சுதன் மாஸ்க்கை மூக்குவரை ஏற்றிக்கொண்டு வண்டியைத் திருப்பினான். ஏலச்செடிகளுக்குள் இறங்கிக்கொண்டிருந்த மேகம், காலி ஜீப்பை மெல்ல விழுங்கியது.

"நாளைக்குப் போலீஸக் கூட்டியாந்தா?" என்று உள்ளிருந்து ஒருத்தி கேட்டாள்.

"அவங்ககிட்டயும் இதத்தான் சொல்லணும்," என்ற பவுன்தாய், இருமுகிறவளுக்கு வெந்நீர் வைக்க அடுப்பை மூட்டினாள்.