சாண் உயரத்தில் பூத்தது

கூடத்தில் அப்பா தெற்கே தலைவைத்துக் கிடந்தார். கால்மாட்டில் சுவரோடு சாய்ந்து அம்மா. தலைமாட்டில் அஞ்சலாட்சி அத்தை, விளக்குக்கு எண்ணெய் விட்டபடி. வாசல் பந்தலில் முதல் நாற்காலியில் அம்மாவின் தம்பி தெய்வசிகாமணி. டியூட்டியிலிருந்து நேரே வந்ததால் போலீஸ் சிவப்புத் தொப்பி மடியில் இருந்தது.

“யார் யார் வந்தாங்க, எங்க ஒக்காந்தாங்க, எல்லாம் எழுது நிர்மலா” என்று பிரான்சிலுள்ள தூலோனிலிருந்து அண்ணன் கமலக்கண்ணன் காலையில் போனில் அழுதிருந்தான். அங்கே தங்குவதற்கான அனுமதி அட்டையை, கார்த்தை, புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறான்; அது கைக்கு வராமல் வர முடியாது. போனை வைக்கும்போது கேட்டான்: “செடி பூத்துதா? அதால அப்பாவுக்கு வலி கொறஞ்சுதா? எடம் மாத்தலியே?”

“எழுதறேண்ணே.”

அப்பாவுக்கு எலும்பில் புற்று. வலிக்குக் கேட்கும் என்று யாரோ சொல்ல, ஊர் வந்த நண்பனிடம் அண்ணன் நாலு கஞ்சா விதை கொடுத்தனுப்பியிருந்தான். குட்டை ரகம். வயது வந்தால் தானாகப் பூத்துவிடும்; முளைத்த இடத்தைவிட்டு அசைத்தால் வேர் நொந்து, வளராமலே பூக்கும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்.

“பீடி கூடத் தொடாதவண்டா நானு” என்று அப்பா போனில் அவனிடம் சிரித்தார். ஆனாலும் ஈரத்துணியில் முடிந்து முளைகட்டி, டீ கப்பில் ஊன்றினார். நாலிலை விட்டதும் கை சும்மா இருக்கவில்லை. தட்டாஞ்சாவடி கம்பெனி வேலைக்கு வரும்வரை வயல் சேற்றில் நின்றவர். “புடுங்கி நடாத நாத்து என்னா நாத்து?” மொட்டைமாடியில் உட்கார்ந்து வேரை அலசி, தொட்டிகளில் நட்டார். அன்று பொழுது சாயும்வரை வலி மாத்திரை கேட்கவில்லை.

மூன்று செடிகள் சாய்ந்து பட்டுப்போயின. ஒன்று சாண் உயரத்தில் நின்றுவிட்டது. முந்தாநாள் அது பூக்க, நிர்மலா தொட்டியைக் கீழே கொண்டுவந்து காட்டினாள். “பொடிப்பய, பூத்துட்டான் பாரேன்” என்றார் அப்பா. தொட்டியைத் திரும்ப மாடியில் வைத்தாள். மருந்துக்கு ஆகிற அளவு அதில் ஒன்றுமில்லை.

செல்போனில் பேச மாமா மாடியேறுவதைப் பார்த்து நிர்மலா பின்னாலேயே ஓடினாள். அதற்குள் அவர் தொட்டிமுன் குந்தியிருந்தார்.

“என்னா செடி இது?”

“செண்டுமல்லி மாமா.”

இலையைக் கசக்கி முகர்ந்தார். “இந்த செண்டுமல்லி எங்க ஸ்டேஷன்ல மூட்டை மூட்டையா கெடக்குது. யாரு வச்சது?”

“அப்பா.”

“யாரு, மாமாவா? எங்கிட்ட சிகரெட்டு வாசன வந்தாலே மூஞ்சி குடுத்துப் பேச மாட்டாரே!”

எழுந்து தொப்பியைத் தலையில் வைத்தார். அம்மாவைக் கூப்பிட்டு விசாரிப்பாரோ? மாமா கொஞ்ச நேரம் செடியையே பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். செடியை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, தொப்பிக்குள் வைத்துக்கொண்டு இறங்கினார். கீழே மாலைகளை ஒதுக்கி, அப்பாவின் கைக்கடியில் செருகினார்.

“என்னா தம்பி அது?” என்றாள் அத்தை.

“மாமா நட்ட செடி, அக்கா.”

“அதுவும் அவனோடயே போவட்டும்.”

காரியம் முடிந்த மறுநாள் நிர்மலா கடிதம் எழுதினாள். தலைமாட்டில் யார், கால்மாட்டில் யார், பந்தலில் யார், ஒன்றும் விடவில்லை. கடைசியில், “செடி பூத்தது. அப்பா பார்த்தார். அது அவரோடேயே கருவடிக்குப்பம் சுடுகாட்டுக்குப் போனது” என்று எழுதி நிறுத்தினாள். வெகுநேரம் கழித்து இன்னொரு வரி சேர்த்தாள்: “பிடுங்கி நட்ட அன்றைக்கு அவர் மாத்திரை கேட்கவில்லை.”

சோற்றுப் பருக்கையை நசுக்கி உறையை ஒட்டினாள். தெருமுனைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு, உள்ளே விழுந்துவிட்டதா என்று விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள்.