பத்தாவது விரல்

ஒரு காலத்தில் சீனாவின் ஹார்பின் நகரில் எங்கள் யூத உதவிச் சங்கம் ஏழைகளுக்கு ஊற்றிய சூப்பில் சுங்காரி நதியே நிரம்பியிருக்கும். செலிக் செத்த குளிர்காலத்தில் ஊரில் யூதக் கிழவர்கள் சிலரே மிச்சம். எங்கள் வழக்கப்படி பத்து ஆண்கள் கூடினால்தான் இறந்தவனுக்கு ஜெபம்.

"பத்துப் பேர் வராம இவரக் குழியில இறக்க விடமாட்டேன்" என்று சவப்பெட்டியைக் கட்டிக்கொண்டாள் அவன் மனைவி ஃப்ரூமா.

ஆட்களை ஒன்று, இரண்டு என்று எண்ணுவது எங்களுக்கு ஆகாது. எனவே செயலாளரான நான், "ஒண்ணில்ல, ரெண்டில்ல" என்று விரல் நீட்டி, "பத்தில்ல" வரை வந்துவிட்டேன். அடக்கமும் ஜெபமும் முடிந்தன.

"செயலாளரே, பத்தாவது விரல் பெட்டியத்தானே காட்டுச்சு?" என்றாள் ஃப்ரூமா.

நான் அந்த விரலைக் கோட்டுப் பைக்குள் மறைத்தேன்.

"போகட்டும். உசிரோட ஒருநாளும் ஜெபத்துக்கு வராத மனுஷன், இன்னிக்கு வந்துட்டாரு. உங்க சாவுக்குப் பத்தாவதா யார எண்ணுவாங்க?"