தானாக எழுந்த கை

முத்திருளனுக்குத் தோள்பட்டை எரிந்தது. சட்டைத்துணி பட்டாலே சுருக்கென்றது. இரண்டு ஆள் சுமையை ஒற்றை ஆளாகச் சுமந்தால் வேறென்ன செய்யும்? கீழமாசி வீதிச் சரக்குக் கிட்டங்கியில் மூட்டை தூக்கும் லோடுமேன்களுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. அடிபட்டவனின் மூட்டையையும் அவன் சொந்தக்காரன் எவனாவது தூக்கினால், அவன் திரும்பி வரும்வரை புது ஆளைச் சேர்க்க மாட்டார்கள். சோணைமுத்து, முத்திருளனின் தங்கை பாண்டியம்மாளைக் கட்டியவன். அதனால் அவன் மூட்டைகளும் முத்திருளன் முதுகில்தான் ஏறின.

எழுபத்தெட்டாம் வருஷம் பருப்பு மூட்டை அடுக்கு சரிந்து சோணைமுத்து அடியில் மாட்டிக்கொண்டான். வெளியே தெரிந்தது வலதுகை மட்டும். அதைப் பிடித்து இழுத்துத்தான் காப்பாற்றினார்கள். எலும்பு முறியவில்லை. ஆனால் அந்தக் கை அன்றோடு தொங்கிப்போனது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாததால், மனசுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் அனுப்பினார்கள். துணைக்கு முத்திருளன் போனான்.

எலுமிச்சம்பழம், வேப்பிலை ஏதாவது இருக்கும் என்று பார்த்தான். ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, அவ்வளவுதான்.

"தூங்க வைக்கப் போறதில்ல. நான் பேசுறது பூராம் கேக்கும். பிடிக்கலேன்னா கண்ணைத் தொறந்துக்கலாம்" என்றார் டாக்டர். தாழ்ந்த குரலில் மூச்சை இழுத்து விடச் சொன்னார். இமை கனக்கிறது என்றார். கை பஞ்சாகிறது என்றார். சோணைமுத்துவின் வலதுகை மடியிலிருந்து மெல்ல எழுந்து நெஞ்சு உயரத்தில் நின்றது.

இத்தனை நாளும் நடித்தானா என்று முத்திருளன் எரிகிற தோளைத் தடவிக்கொண்டான்.

டாக்டர் அவனைத் தனியே கூப்பிட்டார். "அவர் நடிக்கலை. பயம் கையைப் பிடிச்சு வச்சிருக்கு. தொடர்ந்து வந்தா முழிச்சிருக்கும்போதும் எழும்பும். வெளியில யார்கிட்டயும் பேச வேணாம்."

மறுநாள் டீக்கடையில், கூட வேலை பார்க்கும் மொக்கைச்சாமி கேட்டான்: "என்னண்ணே, மாப்ள கை எம்புட்டுத் தேவல?"

"டாக்டரு சொன்னாத் தூக்குறான். மூட்டையக் கண்டாத்தான் தூக்க வரல."

எல்லோரும் சிரித்தார்கள். வாசலில் சோணைமுத்து நின்றிருந்தான்.

"மச்சான், நான் தூக்கலை. அதுவா எழும்புச்சு."

"அப்ப மூட்டையும் அதுவா லாரியில ஏறிக்கிரும்" என்றான் முத்திருளன்.

நடிக்கிறவனுக்காக இடத்தைப் பிடித்து வைப்பானேன் என்று அந்த வாரமே புது ஆளைச் சேர்த்தார்கள். சோணைமுத்து ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்தினான். பாண்டியம்மாளோடு திருவாதவூருக்கு ஆடு மேய்க்கப் போய்விட்டான்.

டாக்டரிடம் முத்திருளனே போய்ச் சொன்னான். "அவன் இனிமே வரமாட்டான் சார். நடிச்சவன் எப்படி வருவான்?"

டாக்டர் கோபப்படவில்லை. "சம்மதம்னா நீங்க உக்காருங்க" என்றார். வீம்புக்கு உட்கார்ந்தான்.

பஸ் ஹாரன் கேட்டது. மின்விசிறி கிறீச்சிட்டதும் கேட்டது. தான் நாற்காலியில் இருப்பதும் தெரிந்தது. கண்மாய்க்குள் முங்கிக்கொண்டு கரையில் பேசுவதைக் கேட்பதுபோல டாக்டரின் குரல் வந்தது. "கை நாற்காலியோட ஒட்டிக்கிச்சு. தூக்கிப் பாருங்க." இதென்ன பெரிய காரியம் என்று தூக்கப் பார்த்தான். நினைப்பு தோள்வரை போனது, அதற்குக் கீழே இறங்கவில்லை. நெற்றி வேர்த்தது. கை கிடந்த இடத்திலேயே கிடந்தது.

கண் திறந்ததும் டாக்டர் கேட்டார்: "இப்ப நீங்க நடிச்சீங்களா?"

முத்திருளன் ஒட்டிக்கிடந்த கையை மடக்கி நீட்டிப் பார்த்தான். நேராகத் திருவாதவூர் பஸ் ஏறினான்.

"வைத்தியத்துக்கு வா மாப்ள. நீ நடிக்கலேன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

சோணைமுத்து ஆடுகளைப் பார்த்தபடியே பேசினான். "அது எனக்குத் தெரியாதா? எங்கிட்ட எதுக்குச் சொல்றீக? டீக்கடையில சொல்லிட்டு வாங்க. வாரேன்."

பாண்டியம்மாள் அண்ணனைச் சாப்பிடச் சொல்லவில்லை.

மறுநாள் டீக்கடையில் மொக்கைச்சாமி இருந்தான், அன்றைக்குச் சிரித்த அத்தனை பேரும் இருந்தார்கள். சொல்வதென்றால் தன் கையும் ஒட்டிக்கொண்டதைச் சொல்ல வேண்டும். அதற்கும் சிரிப்பார்கள். முத்திருளன் டீயைக் குடித்துவிட்டு லோடுக்குப் போனான்.

வருஷம் ஆறாகிவிட்டது. சோணைமுத்துவின் கை இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அவன் நடிக்கவில்லை என்று அந்த ஆட்கள் முன்னால் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையை முத்திருளன் இன்னும் பாக்கி வைத்திருக்கிறான்.