துரைராஜின் இரண்டு தட்டு

பழைய வெளிநாட்டு ராக் குழுக்களின் இசைத்தட்டுகள் சிலாஸ் வீட்டில் ஒரு பீரோ நிறைய இருந்தன. ஒரே பாட்டு ஒரு பக்கம் முழுக்க ஓடும் ரகம். அந்தக் குழுக்காரர்கள் பிரிந்துபோய்த் தனியாளாக வெளியிட்டவற்றை மட்டும் அடித்தட்டில் தள்ளியிருந்தார். “நாலு பேரா இருந்தப்போ சிங்கம், தனியாப் போனதும் வெறும் தாடி” என்பார், முப்பது வருஷமாக.

2004-ல் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே அவரும் தனியாக ஒன்று போட உட்கார்ந்தார். ஹைடெக் சிட்டியில் வேலை பார்க்கும் மருமகன் கழித்துவிட்ட கம்ப்யூட்டர் இருந்தது. கீபோர்டு, பேஸ், டிரம்ஸ் எல்லாம் அதிலேயே. எட்டு மாதம் ஆயிற்று. கிறிஸ்துமஸுக்கு முந்நூறு சிடி அடிக்க நாள் குறித்தாகிவிட்டது. அதற்குள் துரைராஜ் வாயால் நல்லாயிருக்கு என்று கேட்டுவிட வேண்டும். வேறு யார் சொன்னாலும் அவருக்குச் செல்லாது.

துரைராஜ், எழுபதுகளில் செகந்திராபாத் கிளப்புகளில் வாசித்த அவர்களது குழுவின் டிரம்மர். சிலாஸின் கிட்டார் வாசிப்பு நீண்டுகொண்டே போனால் டிரம் விளிம்பில் குச்சியால் இரண்டு தட்டுத் தட்டுவார். போதும், இறங்கு என்று அர்த்தம். சிலாஸ் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்குவார். அந்தத் தட்டு இல்லாமல் ஒருநாள் வாசித்துவிட வேண்டும் என்பது அப்போதிருந்த ஆசை.

மல்காஜ்கிரியில் துரைராஜ் வீட்டு ஹாலில் சிடி ஓடியது. நாலாவது நிமிஷம், கண்ணை மூடியிருந்த துரைராஜின் கரண்டி டீ டம்ளர் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டியது. மடியில் கூடவே வாசித்துக்கொண்டிருந்த சிலாஸின் விரல்கள் தாமாக நின்றன. பாட்டு நிற்கவில்லை. ஒன்பதில் தட்டினார். பதினாலிலும் தட்டினார். இருபத்திரண்டில்தான் அது ஓய்ந்தது.

“எப்படிடா?”

“கை அப்படியே இருக்குபா. போகல.”

“அப்புறம் ஏன்டா மூஞ்சிய இப்படி வெச்சிருக்கே?”

“பாட்டு நாலு நிமிஷத்துலயே செத்துப்போச்சு. மிச்ச நேரமெல்லாம் நீ அடக்கம் பண்றே.”

“எட்டு மாசமா வீட்ல தினம் ஒரு அடக்கம்ண்ணே,” என்றாள் சிலாஸின் மனைவி ஆனி. “நான் சொன்னா காதுல ஏறுமா?”

சிலாஸ் சிடியை உறையில் போட்டார். “அடித்தட்டுச் சாமானா?”

துரைராஜ் டீயைக் குடித்து முடித்தார். “ஹவ்,” ஆமாம் என்று தலையாட்டினார்.

ஆட்டோவில் ஆனி கேட்டாள். “அப்போ அந்த முந்நூறு?”

“நக்கோ. வேணாம்.”

வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்தார். அடித்தட்டில் இடமில்லை. இரண்டு தாடிக்காரர்களை நகர்த்த வேண்டியிருந்தது.