கந்தன் கிராணியின் பேர்

சசிரேகா எஸ்டேட் ஆபீசில் கம்ப்யூட்டர் பொறுப்புக்கு வந்தது படித்துப் பட்டம் வாங்கி அல்ல. ஒருநாள் பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை உருவி எடுத்தாள். அன்றோடு ஆபீசில் கரண்டில் ஓடுகிற சாமான் அத்தனையையும் அவள் தலையில் கட்டிவிட்டார்கள்.

கோலாலம்பூர் தலைமை அலுவலகத்துக் கடிதமும் அப்படித்தான் அவளிடம் வந்து சேர்ந்தது. வேறொரு எஸ்டேட்டில் யாரோ ஒரு தொழிலாளியின் டாக்டர் ரிப்போர்ட்டை எடுத்து வாட்சப்பில் போட்டுவிட்டார்களாம். அதனால் எல்லா எஸ்டேட்டிலும் பொது ஃபோல்டர்களை யார் யார் திறக்கலாம் என்று வெள்ளிக்கிழமைக்குள் ஒழுங்குபடுத்த வேண்டும். வேலையை விட்டுப் போனவர்கள் பேர் ஒன்றுகூட மிஞ்சக்கூடாது.

"நீயே பாத்து செஞ்சிரு லா," என்றார் மேனேஜர் விஜயன் துரை. சொன்ன கையோடு தானா ராத்தா டவுனுக்குக் காரில் ஏறினார்.

நூறுக்கு மேல் ஃபோல்டர். மூன்று நாள் பேர்களையே பார்த்துப் பார்த்து அவளுக்குச் சொந்தப் பேரே அந்நியமாகிவிட்டது. வெள்ளி மாலை கடைசியாக நின்றது கந்தன் என்ற பேர். ஆபீசில் கணக்கு எழுதிய கந்தன் கிராணி ஓய்வு பெற்று ஈப்போவுக்கு மகள் வீட்டோடு போய் மூன்று வருஷம் ஆகிறது. ஒரு தட்டு, பேர் போயிற்று. அப்பாடா என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஆட்களைப் பேர் கூப்பிட்டுத் தேயிலைக் காட்டுக்கு அனுப்பும் பெரட்டுக் கொட்டகையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அது வந்த அன்று கந்தன் தன் பேரில் திறந்து வைத்தார். அப்புறம் அதை யாரும் மாற்றவில்லை. ஐந்து கங்காணிகளும் தினம் காலையில் அவர் பேரிலேயே பொது ஃபோல்டரைத் திறந்து, எந்தக் காட்டில் பூச்சிமருந்து அடித்திருக்கிறது என்ற மருந்து லிஸ்டைப் பார்த்தார்கள். மருந்து அடிப்பவர்கள் கோலா தெர்லாவிலிருந்து வரும் காண்ட்ராக்ட் ஆட்கள். அடித்துவிட்டு எந்தக் காடு என்று ஆபீசில் சீட்டுக் கொடுத்துவிட்டு லோரி ஏறிவிடுவார்கள். அடித்த காட்டுக்குள் ஏழு நாள் யாரும் இறங்கக்கூடாது. முன்பெல்லாம் காட்டு முகப்பில் சிவப்புத் துணி கட்டுவார்கள். லிஸ்ட் வந்த பிறகு அது எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

சசிரேகாவுக்கு இது தெரியாத விஷயமா என்றால், தெரியும். அலுப்பில் ஞாபகம் வரவில்லை. திங்கள் மாலை அவளே சீட்டைப் பார்த்து 'பதினாலாம் நம்பர் காடு' என்று லிஸ்டில் ஏற்றினாள். அதைத் திறந்து பார்க்க ஒருத்தருக்கும் வழியில்லை என்பது அப்போதும் உறைக்கவில்லை.

செவ்வாய் காலை வேலாயி கங்காணி தன் ஆட்களோடு பதினாலாம் காட்டில் இறங்கினாள். கொழுந்து வெட்டும் மெஷின் இலையிலிருந்த மருந்து ஈரத்தை முகத்தில் வாரியடித்தது. மெஷினை முன்னால் பிடித்து நின்ற ரூபினிக்குத்தான் அதிகம். பத்து மணிக்குள் ஒன்பது பேர் வாந்தி எடுத்தார்கள். ரூபினியின் இரண்டு கண்ணும் வீங்கி மூடிக்கொண்டன. அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பார்வை திரும்புமா என்று அங்கே யாரும் அடித்துச் சொல்லவில்லை.

மத்தியானம் வேலாயி ஆபீசுக்கு வந்தாள். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"லிஸ்ட் தொறக்கலன்னா எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்ல, கங்காணியம்மா?" என்றாள் சசிரேகா.

"அனுமதி இல்லன்னு எழுத்து வந்துச்சும்மா. தொரதான் நம்மள லிஸ்ட் பாக்க வேணாம்னு நிப்பாட்டிட்டாருபோலன்னு இருந்துட்டோம். அனுமதி இல்லன்னு சொன்னப்பறம் ஏன்னு போயி நிக்கிறதா? நாங்க என்னைக்குக் கேட்டிருக்கோம்?"

"தொர இல்ல. நாந்தான் எடுத்தேன். மறந்து எடுத்துட்டேன்."

வேலாயி அவளைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது சசிரேகாவுக்கு.

"உங்க பேர்லயே தொறந்து தர்றேன்," என்றாள்.

"என் பேரு வேணாம்மா. அப்பறம் எது நடந்தாலும் நாந்தான் முன்னால நிக்கணும். கந்தன் அண்ணன் பேருன்னா கேள்வி கேக்க ஆளில்ல."

"இனிமே அப்படித் தொறக்காது. இருக்கிற ஆளு பேர்லதான் தொறக்கும்."

வேலாயி ஜன்னல் வழியே பெரட்டுக் கொட்டகையைப் பார்த்தாள். நாளைக்கு விடிந்தால் மிச்சமிருக்கும் ஆட்களை எங்கேயாவது இறக்கியாக வேண்டும்.

"சரி, போடு."

சசிரேகா போட்டாள். திரையில் வேலாயி என்று எழுத்து வந்தது.

"நான் வேலைய விட்டு நின்னா இதையும் எடுத்துருவல்ல?"

"எடுக்கணும், கங்காணியம்மா. சட்டம் அப்படி."

"எடு, வேணாங்கல. எடுக்குறதுக்கு முன்னால பெரட்டுக்கு வந்து, இந்தப் பேர்ல யாராச்சும் உசுர வச்சிருக்காங்களான்னு ஒரு வார்த்த கேட்டுட்டு எடு."

சசிரேகா தலையை மட்டும் ஆட்டினாள். வெட்கத்தில் முகம் நிமிரவில்லை. பெரட்டுக் கொட்டகை ஆபீஸ் வாசலிலிருந்து நூறடி தூரம்தான். இந்த ஆறு வருஷத்தில் அவள் ஒருநாள்கூட அங்கே போனதில்லை.