‘நிதியளி’க்கு ஒரு சான்று

அகராதி அலுவலகம் டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. ரப்பர் வாடைதான் படியேறி வருகிறவர்களை முதலில் வரவேற்கும். தரையெங்கும் நீல மீன் படம் போட்ட குளியலறை டைல்ஸ். அவற்றை இலவசமாகக் கொடுத்தவர் டைல்ஸ் கடை முதலாளி. விற்காமல் முடங்கிய சரக்கைத்தான் தள்ளிவிட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் வாசலில் அவருடைய கொடையைப் போற்றும் கல் ஒன்றைப் பதித்திருந்தார்கள், அந்தத் தரையே வெட்கப்படும் அளவுக்குப் பெரிதாக.

அங்கே துணையாசிரியையாக இருந்தவளுக்குச் சான்றம்மா என்று பட்டப்பெயர். எந்தச் சொல்லைக் கொண்டுபோய் நீட்டினாலும் அவள் வாயிலிருந்து முதலில் வருவது, "சான்று எங்கே?" என்பதுதான். எடுத்துக்காட்டு வாக்கியத்தை யாரும் சொந்தமாக இட்டுக்கட்டக் கூடாது. அது எங்காவது அச்சில் வந்திருக்க வேண்டும், இல்லை யாராவது பேசிக் காதால் கேட்டிருக்க வேண்டும். இந்த விதியைப் பதினொரு வருடமாகக் கண்ணும் கருத்துமாகக் காத்தவள் அவள்.

அகராதி முடிந்துவிட்டது. அச்சுச் செலவைத் தாம் பார்த்துக்கொள்வதாக டைல்ஸ் கடை முதலாளி சொல்லியிருந்தார். அவர் கைவிரித்தால் பதினொரு வருட உழைப்பும் அட்டைப்பெட்டிக்குள் கிடந்து மட்க வேண்டியதுதான். சம்பளம் என்ற சொல்லுக்கு அலுவலகத்தில் ஏராளமான சான்றுகள் இருந்தன. சம்பளம்தான் ஆறு மாதமாக இல்லை.

ஒருநாள் முதலாளியே நேரில் வந்தார். வந்ததும் வராததுமாக, ‘நிதியளி’ என்ற சொல் இருக்கும் பக்கத்தைக் காட்டச் சொன்னார். ‘ஒரு பணி நடப்பதற்குப் பணம் கொடு’ என்று பொருள் எழுதியிருந்தது. அதன் கீழே சான்றம்மா ஒரு குறிப்பும் சேர்த்திருந்தாள்: ‘பெரும்பாலும் கொடுப்பவர் தம்மைப் பற்றிச் சொல்வது; வீட்டுப் பேச்சில் வழங்குவதில்லை.’ நல்லவேளை, குறிப்பெல்லாம் படிக்கிற பழக்கம் முதலாளிக்குக் கிடையாது.

"என்னம்மா, என் பேரையே காணோம்?"

"உங்க பேரு முன்னுரையில வருதுங்கய்யா."

"முன்னுரையை எவன் படிக்கிறான்? இதுக்குக் கீழ போடுங்க. ‘டைல்ஸ் வேந்தர் இந்த அகராதிக்கு நிதியளித்தார்.’ அவ்வளவுதான்."

அகராதியின் முதன்மை ஆசிரியர் நெளிந்தார். எந்த வாக்கியத்தையும் முடிக்காததால் அவருக்கு அரைப்புள்ளி என்று பெயர். "போட்டுடலாங்க, அதாவது, எப்படின்னா..."

"அப்படி ஒரு வாக்கியம் இதுவரைக்கும் எங்கயும் வரலைங்களே," என்றாள் சான்றம்மா. ‘நீங்கள் இன்னும் கொடுக்கவும் இல்லையே’ என்பது நுனிநாக்கு வரை வந்தது, விழுங்கிக்கொண்டாள். "நாங்களா எழுதிப் போட முடியாதுங்க. போடச் சொல்லி நீங்க சொல்றதும் சான்றாகாது. அச்சுல வந்திருக்கணும்."

மேசைக்கு அடியில் அரைப்புள்ளியின் செருப்பு அவள் காலை மிதித்தது. முதலாளி கோபப்படவில்லை.

"அச்சுல வந்துட்டா போடுவீங்களா?"

"தாராளமா."

அவர் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். விதியும் பிழைத்தது, செக்கும் வரப்போகிறது என்று அவளுக்கு ஒரே பெருமிதம். அன்று மாலை டயர் வாடைகூட அவளுக்கு இதமாகத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளின் முதல் பக்கம் முழுக்க ஒரே விளம்பரம். முதலாளி கைகட்டி நின்றார். பின்னால் பளபளவென்று டைல்ஸ். தலைக்கு மேல் கொட்டை எழுத்தில்: ‘டைல்ஸ் வேந்தர் இந்த அகராதிக்கு நிதியளித்தார்.’ எந்த அகராதி என்பது அதில் எங்கேயும் இல்லை. சான்று என்ற அளவில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சான்றம்மா பத்திரிகையின் பெயரையும் தேதியையும் குறித்து, முறைப்படி வாக்கியத்தைச் சேர்த்தாள்.

திங்களன்று அரைப்புள்ளி செக்கைப் பற்றி விசாரிக்க டைல்ஸ் கடைக்கு போன் போட்டார். எடுத்தவர் மேனேஜர். அவர் பேசியது பக்கத்தில் இருந்த சான்றம்மாவுக்கும் தெளிவாகக் கேட்டது.

"அந்த முழுப்பக்கத்துக்கே எல்லாம் போயிடுச்சுங்க. அகராதிக்குன்னு ஐயா ஒதுக்கி வெச்சிருந்ததே அவ்வளவுதான். அச்சுல வந்தே ஆகணும்னு உங்க ஆபீஸ் அம்மாதான் கேட்டாங்களாமே?"

அரைப்புள்ளி போனை வைத்தார். "முடிஞ்சு போச்சும்மா," என்றார். வாழ்நாளில் அவர் முழுதாக முடித்த ஒரே வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். தன் மேல் அவர் எரிந்து விழுந்திருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

வீட்டுக்குப் போனாள். அவள் கணவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். ஆறு மாதமாக வீட்டு வாடகை, அரிசி, பருப்பு, அவள் அம்மாவின் மருந்து எல்லாம் அவன் தலையில்தான். அதற்காக விடுமுறை நாட்களிலும் கல்யாண சவாரிக்குப் போய்க்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை இன்றுதான் விரித்து வைத்திருந்தான்.

"அகராதிக்கு அவருதான் நிதியளிச்சாராமே," என்றான், கிண்டலாகத்தான். "அப்ப இந்த ஆறு மாசமா நான் பண்ணினதுக்குப் பேரு என்ன?"

அடுத்தவர் வாயிலிருந்து விழுகிற ஒவ்வொரு சொல்லையும் பொறுக்கி வைத்தவள், இந்த வீட்டுக்குள் என்ன நடந்தது என்பதைக் கவனிக்கவே இல்லை. தன் மேல் வந்த எரிச்சலையும் அவன் மேலேயே காட்டினாள்.

"நீங்க ஒரு நாளாவது வாயைத் திறந்து சொன்னீங்களா? சொல்லியிருந்தா எழுதியிருப்பேன்."

"இதையெல்லாம் போய் யாராவது சொல்லிக்கிட்டிருப்பாங்களா," என்றான் அவன். சட்டைப் பையைத் துழாவி, நாளைக்கு அவள் ஆபீசுக்குப் போக பஸ் சில்லறையை எடுத்துப் பேப்பரின் மேல் வைத்தான்.