அண்ணன் இறக்கிய கட்டில்

அலெக்சாந்திரியாவில் நோயாளியைப் பார்க்க வருபவர்கள் நோயாளியைப் பார்ப்பதில்லை. வந்ததும் தலைமாட்டுத் திரையைத்தான் பார்ப்பார்கள். எண் ஏறினால் இறைவனுக்கு நன்றி, இறங்கினால் டாக்டருக்குத் திட்டு. இந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இத்தனை வருடமாக என் பங்குக்கு வந்தது இரண்டாவதுதான்.

அன்றைக்கு மஹ்ரூஸைப் பார்க்க அவர் அண்ணன் ஷவ்கி வந்தார். மஹ்ரூஸுக்கு இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய தமனியில் புதுத் தையல். ரத்த அழுத்தம் அதிகம் ஏறினால் தையல் தெறிக்கும், இறங்கினால் சிறுநீரகம் போகும். அதனால் மணிக்கட்டுத் தமனிக்குள்ளேயே மெல்லிய குழாய் செருகி, உப்புநீர் வழியாகப் பக்கத்துக் கம்பத்தில் இருந்த உணர்கருவியோடு இணைத்திருந்தோம். கருவி இதயத்தின் மட்டத்தில் இருக்கும்வரை திரை பொய் சொல்லாது.

ஷவ்கிக்கு முழங்கால் வலி. தம்பி குணமாகக் காதில் துஆ ஓத வேண்டும், ஆனால் குனிய முடியாது. உட்கார்ந்துகொண்டு, யாரையும் கேட்காமல், பொத்தானை அமுக்கிக் கட்டிலைத் தரைவரை இறக்கிவிட்டார். கம்பம் இருந்த இடத்திலேயே இருந்தது. திரையில் நூற்றுப் பதினைந்தாக இருந்த அழுத்தம் எண்பத்தைந்தாகி, அபாய மணி அலறியது.

"ஐயோ, தம்பி போறானே! டேய், கடைசிக் கலிமாவைச் சொல்லுடா!"

நான் ஓடி வந்து, அழுத்தத்தை ஏற்றும் மருந்தைக் கூட்டப் பம்ப்பில் கை வைத்தேன். நானும் திரையைத்தான் பார்த்தேன், வேறென்ன. ஷவ்கி அதற்குள் சாகப்போகிறவரிடம் மன்னிப்புக் கேட்கும் கட்டத்துக்குப் போய்விட்டார்.

"என்னை மன்னிச்சிடுடா. உனக்குப் பாத்த பொண்ணு ஸனிய்யா வீட்டுல உனக்கு வலிப்பு வருதுன்னு சொன்னது நான்தான். மூத்தவன் நான் சும்மா நிக்கறப்ப உனக்கு முதல்ல கல்யாணம் ஆகறது பொறுக்கலடா."

மஹ்ரூஸ் கண்ணைத் திறந்தார். "அண்ணே, வாயெல்லாம் பூண்டு நாத்தம். ஈரல் வறுவல் தின்னுட்டா வந்தே?"

செத்துக்கொண்டிருப்பவர் பூண்டைக் குறை சொல்லமாட்டார். கையைத் தொட்டேன், வெதுவெதுவென்று இருந்தது, நாடி துள்ளியது. அப்போதுதான் கம்பம் கண்ணில் பட்டது: கட்டில் இறங்கியதால் கருவி இதயத்துக்கு மேலே நின்று, எண்ணைக் குறைத்துக் காட்டியிருக்கிறது. மருந்தைக் கூட்டாமல் பம்ப்பிலிருந்து கையை எடுத்தேன். கட்டிலை உயர்த்தினேன். எண் பழையபடி நூற்றுப் பதினைந்துக்கு வந்தது.

"பாத்தீங்களா டாக்டரம்மா, துஆவோட மகிமையை!" என்றார் ஷவ்கி.

மஹ்ரூஸ் ஐம்பத்தெட்டு வயதுவரை தனியாகவே சமைத்துத் தின்ற மனிதர். கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் எண் ஏறியது: நூற்று முப்பது, நூற்றைம்பது, நூற்று எழுபது. மணி மறுபடி அலறியது. கருவியைப் பார்த்தேன், இதயத்தின் மட்டத்தில்தான் இருந்தது. இந்த முறை எண் மெய்.

"கட்டிலைக் கொஞ்சம் இறக்குங்களேன், குறைஞ்சிடும்," என்று யோசனை சொன்னார் ஷவ்கி.

"திரையில குறையும், உடம்புல குறையாது. தையல் தெறிச்சா உங்க தம்பி உங்களுக்கு இல்ல. முதல்ல வெளியே போங்க!"

ஏற்றும் மருந்தை நிறுத்திவிட்டு இறக்கும் மருந்தை ஓடவிட்டேன். கதவருகே போனவரை மஹ்ரூஸ் கூப்பிட்டார்.

"அண்ணே, நான் பொழச்சுக்குவேன்னு தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டே, இல்ல?"

ஷவ்கி திரும்பினார். தம்பி முகத்தைப் பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்தார்.